நீங்கள் கொடுத்த நீலச் சாரம்

பாறைக்காடு காலனி,
சேரங்கோடு வழி, நீலகிரி.
17-5-1982

மண்டபம் முகாமில் இருக்கும் தாய்மாமன் இருளப்பன் அவர்களுக்கும் அத்தைக்கும் பிள்ளைகள் மூவருக்கும் மருமகன் ராஜரத்தினம் கைகூப்பி எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று முதலில் எழுதுவது முறை. எழுதிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன்.

அறை கட்டியாயிற்றா, போகிற இடத்தைச் சொல்லச் சொல்லி முகாமில் கேட்கிறார்கள், எப்போது புறப்படலாம் என்று கேட்டிருந்தீர்கள். மூன்று பக்கம் சுவர் நிற்கிறது. அம்மாவும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் மண் பிசைந்து எழுப்பியது. மேலே ஒன்றும் இல்லை. முகட்டு உத்தரத்துக்கு வைத்திருந்த மரத்தில் கை வைக்கக் கூடாது என்று தடை வந்துவிட்டது. ஜூன் மழை பிடித்தால் சுவரும் கரைந்துபோகும். இதற்கெல்லாம் காரணம், தலைமன்னாரில் எங்களைக் கப்பலேற்றும்போது அப்பாவின் தோளில் ஒரு நீலக் கட்டம் போட்ட சாரத்தை, இங்கே கைலி என்கிறார்கள், போட்டு அனுப்பினீர்களே, அதுதான். எனக்கே இன்னும் அதிர்ச்சி தீரவில்லை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரம் பட்டுப்போனால், வீட்டுக்கு ஒன்று வெட்டிக்கொள்ளலாம் என்று தோட்டத்து ஆபீசில் வாய்ச்சொல்லாக அனுமதி. எது யாருடையது என்று சண்டை வராமல் இருக்க ஆளாளுக்கு ஒரு பழந்துணியை மரத்தில் கட்டிவைப்போம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. அப்பா செத்த பிறகு அம்மா அந்தச் சாரத்தைப் பாதியாகக் கிழித்து, எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே பட்டுக்கொண்டிருந்த ஒரு மரத்தில் கட்டினாள். தம்பி குடும்பம் வந்தால் அறைக்கு உத்தரம் இது என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். உங்கள் பாஸ்போர்ட் வரும் வரும் என்று இழுத்தது. மரமும் நின்றது.

நான்கு வருடத்துக்கு முன்பு பேராசிரியர் ஞானசீலன் என்று ஒருவர் ஜீப்பில் வந்தார். தத்துவம் படித்தவர். மரம், மிருகம், ஆறு இவற்றுக்கு மனிதன் செய்ய வேண்டிய தர்மம் என்ன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சியாம். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன் என்று என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டார். மலைச்சரிவில் பதினேழு மரத்தில் துணி கட்டியிருப்பதைப் பார்த்ததும் மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அம்மாவிடம் கேட்டார்: "தாயே, இந்த மரம் உங்களுக்கு என்ன உறவு?"

"என்ன ஒறவுங்கய்யா, நம்ம மரம்."

"வேறு யாரும் இதைத் தொட மாட்டார்களா?"

"தொட்டா கைய ஒடிச்சிருவேன்ல."

"வெட்டுவதென்றால் அதற்கு முன் ஏதாவது செய்வீர்களா?"

"அருவாளத் தீட்டணும்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அருவாளை மட்டும் விட்டுவிட்டார்.

அப்புறம் அச்சடித்த கட்டுரை ஒன்று தபாலில் வந்தது. நன்றி சொன்ன இடத்தில் என் பெயரும் இருந்தது. அதைக் கூட்டாளிகளிடம் காட்டித் திரிந்தேன், ஒளிப்பானேன். பிறகு அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். தாயகம் இழந்த ஒரு மக்கள் புதிய மண்ணில் மரங்களைச் சொந்தமாக ஏற்று, அவற்றுக்கு ஆடை சாத்தி, தீண்டாமல் காக்கிறார்களாம். நமது சாரத்துக்கு மட்டும் முக்கால் பக்கம். நீலம் கடந்துவந்த கடலாம், கட்டம் மனிதன் தனக்கு விதித்துக்கொண்ட எல்லையாம். மாமா, அது ஹட்டன் சந்தையில் நீங்கள் பேரம் பேசி வாங்கியது. வெள்ளைக்காரன் தேயிலைக்கு நிழலாக நட்ட மரம் கட்டுரையில் ஆதி வனத்தின் எச்சமாகிவிட்டது.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அந்தக் கட்டுரையைப் பார்த்து இன்னொருவர் எழுதினார். அவரைப் பார்த்து வெளிநாட்டில் ஒருவர். அவரை மறுத்து ஒருவர், துணியின் நிறத்துக்குப் பொருள் கிடையாது, முடிச்சுக்குத்தான் பொருள் என்று. மொத்தம் பதினொரு பேர். பதினோராவது ஆள் ஆதாரம்கூடக் காட்டவில்லை, யாவரும் அறிந்ததே என்று எழுதிவிட்டார். இங்கே இருக்கிற நூற்றிருபது குடும்பத்தில் ஒருத்தருக்கும் தெரியாத விஷயம், அங்கே யாவரும் அறிந்தது.

உங்கள் கடிதம் வந்த அன்றே கோடாலியை எடுத்துக்கொண்டு போனேன். காவல்காரர் ஆறுக்குட்டி, கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், ஒரு காகிதத்தோடு நின்றார்.

"ஏனுங்க தம்பி, அது சாமி மரமுங்க. துணி கட்டுன மரத்துல கை வெக்கக் கூடாதுன்னு மேல இருந்து உத்தரவுங்க."

"எந்தச் சாமி? அது எங்க மாமாவோட சாரம்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. உங்க பேரு போட்டுத்தான் புஸ்தகத்துல வந்திருக்குதாமா. நீங்களே எழுதிக் குடுத்துப்போட்டு நீங்களே வெட்டுனா எப்படிங்க?"

போன வாரம் மரங்களைப் பார்வையிட மூன்று நிபுணர்கள் வந்தார்கள். பேராசிரியரின் சீடர் தேவநேசன் என்பவர் கூட்டிவந்தார்; எது சாமி மரம் என்று எழுதிக் கொடுக்கும் பொறுப்பு அவருடையதாம். கோடை மழைக்கு அட்டை கிளம்பியிருந்தது. ஒருவர் காலில் கொழுகொழுவென்று ஒன்று தொங்கியது. அம்மா உப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். அட்டைக்கும் வாழ உரிமை உண்டா, அந்த உரிமை தன் ரத்தத்தின் மேலுமா என்று மூவரும் அங்கேயே நின்று பேச ஆரம்பித்தார்கள். "அது குடிச்சு முடிச்சு தானா விழுந்துரும், நீங்க பேசிக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு அம்மா உப்பைத் திரும்பக் கொண்டுபோனாள். உப்பும் சும்மா வரவில்லை.

சரி, உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தேவநேசனை நேராகப் பிடித்தேன். "சார், இது சாமி இல்லை. விறகுக்கும் உத்தரத்துக்கும் போட்ட அடையாளம். என் மாமா குடும்பம் அஞ்சு பேர் முகாம்ல கிடக்குறாங்க. கூரைக்கு இந்த மரம் வேணும்" என்றேன். பொறுமையாகக் கேட்டார். கண் கலங்கிப்போய் என் தோளில் கை வைத்தார். "புனிதமானதை அந்நியரிடம் மறைப்பது உங்கள் உரிமை. அதையும் பதிவு செய்கிறேன்" என்று சொல்லிக் குறிப்பேட்டைத் திறந்தார். நான் சொன்ன உண்மைக்கு இந்த ஊரில் இருந்த ஒரே உபயோகம், அவருடைய பொய்க்கு அடிக்குறிப்பு.

பயந்துபோய்ச் சிலர் துணிகளை அவிழ்த்தார்கள். நம்பிக்கை அழிந்துவருகிறது, இன்னும் கடுமையாகப் பாதுகாக்க வேண்டும் என்று நிபுணர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

இவர்களில் ஒருவர்கூட லயத்துக்குள் வந்து பார்க்கவில்லை மாமா. பத்தடிக்குப் பத்தடி அறையில் நீங்களும் வந்தால் ஏழு பேர் படுப்பதற்கு என்ன தர்மம் என்று எந்தக் கட்டுரையிலும் இல்லை. நூறு வருஷம் இலங்கையில் காட்டை அழித்துத் தேயிலை போட்டோம், துரை பெயரைப் போட்டுக்கொண்டான். இங்கே வந்து ஒரு பட்ட மரத்தைக் கேட்டால் நாங்கள் மரத்தின் பிள்ளைகளாம். காடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்களைக் கேட்டுச் செய்யட்டும் என்றுதான் சொல்கிறேன். கேட்டார்கள்தான். கேட்டுத்தானே இந்தக் கதி.

அதனால் இப்போது புறப்பட வேண்டாம். முகாமில் மூன்று மாதம் தவணை கேளுங்கள். அத்தையிடம் எப்படிச் சொல்வீர்களோ தெரியாது. இதை எழுதப் போகிறேன் என்று சொன்னதிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. கூடப்பிறந்தவனை வராதே என்று எழுதுகிற கை எனக்கும் கூசத்தான் செய்கிறது.

மழையும் நோயும் உங்களை அண்டாமல், பிள்ளைகள் பசியில்லாமல் இருக்க வேண்டும். அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
கூரை போட வக்கில்லாத மருமகன்
ராஜரத்தினம்

பி.கு.: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். உடனே புறப்படுங்கள். கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் செய்தி வந்து ஓடினேன். அம்மா சாரத்தை நம் மரத்திலிருந்து அவிழ்த்து, பள்ளத்தில் யாருக்கும் உதவாத ஒரு கோணல் மரத்தில் கட்டிவிட்டாள். "சாமி எறங்கி அங்க போயிருச்சு. எங்களையே கப்பலேத்தி அனுப்புனாங்க, சாமி மட்டும் ஒரே எடத்துல கெடக்குமா?" என்று ஆறுக்குட்டியிடம் கேட்டாளாம். அவர் பயந்துபோய், பஜார் விடுதியில் இருந்த தேவநேசனைக் கூட்டிவந்தார். தேவநேசன் துள்ளிக் குதிக்காத குறை. இடம்பெயர்ந்த மக்களின் இடம்பெயரும் தெய்வமாம், இதுவரை உலகில் யாரும் எழுதாததாம். தெய்வம் நீங்கிய மரத்தை வெட்டத் தடையில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மரம் விழுந்துவிட்டது. உத்தரம் தயார். அம்மா என்னோடு பேசுகிறாள், பெரும்பாலும் திட்டுதான். வரும்போது அத்தையிடம் பழைய சாரம், சீலை எது இருந்தாலும் கொண்டுவரச் சொல்லுங்கள், சாமியை மரத்தில் ஏற்றி இறக்கத்தான். இன்னும் நான்கு தூண் வேண்டும்.