வார்த்தையில்லா மத்தியானம்

துணி உருளைகளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார் கட்டிங் மாஸ்டர்.

“மாஸ்டர், கால் வெளியில தெரியுது. முதலாளி ஸ்பீக்கரைப் போட்டுட்டாரு, வாங்க” என்றார் பட்டன் தைக்கும் அக்கா.

“நான் செத்துட்டேன்னு சொல்லுங்கக்கா.”

“ஸ்பீக்கரைத் தூக்கிட்டு இங்கேயே வந்துடுவாரு. உங்களுக்கு அஞ்சலி!”

எல்லாம் மாஸ்டரின் வாய்க்கொழுப்பு. வேலைக்குச் சேர்ந்த அன்று ரேடியோவில் ஒரு பிரபல பாப் குழு பாடிக்கொண்டிருந்தது. “பிடிக்குமா?” என்று முதலாளி கேட்டதற்கு, “பாட்டு யாருக்கும் பிடிக்கும் முதலாளி. பாடாம வெறும் வாத்தியம் வாசிச்சிருக்காங்களே, உயிரே அதுலதான் இருக்கு” என்று அளந்துவிட்டார். முடிவெட்டும் கடையில் ஏதோ பத்திரிகையில் படித்தது.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரமெல்லாம் முதலாளி அறையில் அந்த வெறும் வாத்தியக் கச்சேரி.

மாஸ்டர் கண்ணை மூடித் தூங்கிப் பார்த்தார். சொக்கிவிட்டார் என்று முதலாளி மறுபடி போட்டார். காது வலி என்றார். ஸ்பீக்கர் காதருகே நகர்ந்தது. “பாடினதையும் போடுங்களேன்” என்று கெஞ்சியதற்கு, “எனக்காக உங்க ரசனையைக் குறைச்சுக்காதீங்க” என்று பதில் வந்தது.

அந்த இழவு மண்டைக்குள் ஓடியதில் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வெட்டினார். வெளியே தள்ளுவார் என்று ஏங்கினால், “கலைஞன் கைன்னா அப்படித்தான்” என்று முதுகில் தட்டினார் முதலாளி.

தானாக விடவும் வழியில்லை. “இந்த வேலையும் போச்சுன்னா எங்கண்ணன் கடைதான். அவன் வாயில விழுந்து எழுந்திருங்க” என்று மனைவி சொல்லி வைத்திருந்தாள்.

மாஸ்டர் தூக்குமேடை ஏறுவதுபோல் அறைக்குள் நுழைந்தார். கிதார் இழுவையோ இழுவை.

“நாளையிலேர்ந்து உங்க வெட்டுமேஜைக்கு மேலேயே ஒரு ஸ்பீக்கர். நாள் பூரா கேட்கலாம்!” என்ற முதலாளி, கண்ணை மூடித் தலையாட்டத் தொடங்கினார்.

மாஸ்டருக்கு உலகம் இருண்டது. மச்சானே தேவலாம்.

“முதலாளி, நான் வேலையை விட்டுடறேன்.”

தலை ஆடியது. கூடவே ஒரு புன்னகை.

“நிஜமாத்தான் சொல்றேன்! போறேன்!”

இன்னும் ஆனந்தமாக ஆடியது.

டீயோடு வந்த முதலாளியம்மா தட்டை வைத்துவிட்டுச் சொன்னார்:

“கத்திச் சொல்லுங்க மாஸ்டர், பாட்டைப் போட்டதும் அவரு ரெண்டு காதுலயும் பஞ்சு. இந்தக் கண்றாவிக்குத் தலையாட்டலைன்னா போன மாஸ்டர் மாதிரி நீங்களும் பக்கத்துக் கம்பெனிக்குப் போயிடுவீங்கன்னு மனுஷன் தினம் தினம் செத்துப் பிழைக்கிறாரு.”