அலசிப் பார்த்த டயர்

தண்ணீரில் முக்கி எடுக்காமல் எதையும் நம்பாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் என் கம்பெனியில்தான் கட்டிங் மாஸ்டராக வந்து சேர்ந்தார். நான் ஐந்தாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பனியன் மடிக்கப் போய், எண்பதுகளிலேயே சொந்தப் போர்டு மாட்டியவன். எந்த ஆளையும் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவேன். இவரிடம் மட்டும் என் தராசு வேலை செய்யவில்லை.

நாகர்கோவில் பக்கத்து ஆள். அலசு மாஸ்டர் என்றால்தான் யாருக்கும் தெரியும். வெட்டுவதற்கு முன் ஒரு துண்டுத் துணியை அலசிக் காயவைத்து, எவ்வளவு சுருங்குகிறது என்று இன்ச் டேப்பில் அளப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். இவர் அதோடு நிற்க மாட்டார். புதுச் செருப்பை அலசுவார். குடையை அலசுவார். மாமனார் போட்ட கைக்கடிகாரத்தையும் அலசினார். அது நின்றுபோனதும், "கல்யாணத்துக்கு முன்னயே அலசிருக்கணும்" என்றாராம்.

அப்போது என்னிடம் ஒரு புல்லட் இருந்தது. அந்தச் சத்தம் கேட்டால் பல்லடம் ரோட்டில் நான் வருகிறேன் என்று அர்த்தம். சேலத்துக்கு நூல் பார்க்க, பெங்களூருக்கு சாம்பிள் கொடுக்க, எல்லாம் அதில்தான். மூட்டையும் ஏற்றி அத்தனை தூரம் ஓட்டினால் டயர் என்ன ஆகும்? வருஷம் திரும்புவதற்குள் மொட்டை. மாஸ்டர் தானே வந்து நல்லதாக எடுத்துத் தருகிறேன் என்றார்.

கடைக்காரர் விவரமாகத்தான் சொன்னார். கெட்டி ரப்பர் ரொம்ப நாள் வரும், மழையில் பிடிக்காது. மெத்து ரப்பர் சீக்கிரம் தேயும், ரோட்டை விடாது. மாஸ்டர் ஒவ்வொரு டயரையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டே, "தேயாம கெடந்தாத்தான் அது டயரு. தேஞ்சா பென்சிலு" என்றார்.

இருப்பதிலேயே கெட்டியான இரண்டை எடுத்துவந்து, சாயத் தொட்டியில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டு, பனியன்களுக்கு நடுவே மூங்கிலில் தொங்கவிட்டு, டேப் வைத்து அளந்தார். "ஒரு நூலு சுருங்கல மொதலாளி."

டயரை நனைத்துப் பார்த்தவர், ரோட்டை நனைத்துப் பார்க்கவில்லை.

என் முதல் நேரடி ஆர்டர் வரப்போகிற சமயம் அது. அதுவரை பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரர் கொச்சியில் தங்கியிருந்தார். சாயங்காலம் ஊருக்குக் கிளம்புகிறார். சாம்பிள் தைத்து முடித்ததே அன்று விடியும்போதுதான். இது கைவிட்டுப் போனால் மறுபடி கூலித் தையல்தான். மாஸ்டர் சாம்பிள் பையைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார்.

வாளையாறு தாண்டியதும் மழை பிடித்தது. பின்சக்கரம் சோப்பை மிதித்தவன்போல் ஒதுங்கி ஒதுங்கிப் போனது. பிரேக்கைத் தொட்டால் வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எதிரே வந்த பஸ் ஒவ்வொன்றும் என்னைத் தேடியே வருவதுபோல் இருந்தது. மெதுவாகப் போனால் வெளிநாட்டுக்காரர் கிளம்பிவிடுவார். வேகமாகப் போனால் நாங்கள் கிளம்பிவிடுவோம்.

"ஏனுங்க மாஸ்டர், டயரு புடிக்கவே மாட்டீங்குதே" என்றேன்.

பின்னால் மாதாவையும் அந்தோணியாரையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், நடுவில் சன்னமாக, "ஆனா தேயாதுல்லா மொதலாளி" என்றார்.

ஒரு பாலத்துத் திருப்பத்தில் முன்னால் போன பஸ் நின்றது. பிரேக் பிடித்தேன். அவ்வளவுதான். புல்லட் படுத்துக்கொண்டு வழுக்கியது. என் கால் அதற்கடியில். பை பறந்துபோய் ஓரத்து வாய்க்காலில் விழுந்து, என் ஆர்டரோடு மிதக்க ஆரம்பித்தது.

மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முழங்கால் கிழிந்து ரத்தம் ஒழுக நொண்டிக்கொண்டு வந்து, ஊசி மாதிரி இருந்த அந்த மனிதர் அத்தனை கனமான புல்லட்டைத் தூக்கித் தள்ளினார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. என் கன்னத்தில் தட்டினார்.

"எலேய், எந்திலே. கண்ணத் தொறலே. என்ன விட்டுட்டுப் போயிராதலே."

எங்கள் ஊரில் கன்றுக்குட்டியைக்கூட வாங்க போங்க என்போம். சம்பளம் கொடுக்கிற முதலாளியை அவர் லே போட்டார்.

எனக்கு வெறும் சிராய்ப்புதான். எழுந்து நின்ற பிறகுதான் இருவருக்கும் பை ஞாபகம் வந்தது. எடுத்துப் பிழிந்தோம். புல்லட்டை ஒரு டீக்கடையில் விட்டுவிட்டு பஸ் பிடித்தோம். வெளிநாட்டுக்காரர் பெட்டியோடு ஓட்டல் வாசலுக்கு வந்த நேரத்தில் போய் நின்றோம். ஈரப் பனியனைப் பார்த்து அவர் முகம் சுளித்தார். வேறு யாராவது என்றால் திரும்பியிருப்பார்கள். நான் விடுவேனா? "வாஷ் டெஸ்ட் ஓவர், சார். யூ மெஷர்" என்றேன். அளந்தார். மாஸ்டரின் வெட்டு, அளவு பிசகவில்லை. ஆர்டர் கிடைத்தது.

ஊருக்கு வந்ததும் மெத்து ரப்பர் டயர் மாட்டினோம். அது தேயத் தேய அவருக்குத்தான் வயிற்றெரிச்சல். இன்னொரு பக்கம், அந்த லேவுக்காகப் பல நாள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

இன்றைக்கு மேடை போட்டு எனக்குச் சால்வை போர்த்துகிறார்கள். சேர்மன் ஐயா என்கிறார்கள். மழை ரோட்டில் கிடந்தபோது கேட்டேனே அந்த லே, அவ்வளவு மரியாதையாக என்னை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.