மருதோன்றி நகமும் உதட்டு டொக்டரும்

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனைக் கரையோரம் முழுக்க, உதட்டைப் பார்த்தே உள்ளே ஓடும் இரத்தத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒரேயொருவர்தான். மயக்க மருந்து கொடுக்கும் அவரை ஊரே 'உதட்டு டொக்டர்' என்றது. சந்தைக்குப் போனாலும் மீனின் செவுளைப் பார்க்கமாட்டார். மீன் விற்பவரின் உதட்டைத்தான் பார்ப்பார்.

இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவென்று காட்டும் கருவி எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் இல்லை. ஒட்சிசன் குறைந்தால் உதடும் நகமும் நீலம் பாயும், அதுதான் கணக்கு. ஆகவே அவருக்கு ஊரில் இரண்டே எதிரிகள்: உதட்டின் நிறத்தை மறைக்கும் வெற்றிலை, நகத்தின் நிறத்தை மறைக்கும் மருதோன்றி.

நான் அங்கே ஒட்சிசன் சிலிண்டர் மாற்றும் அற்றண்டன். ஒருநாள் ஒப்பரேஷன் மேசையில் கிடந்தது என் மனைவி. குடல்வால் வெடிக்கும் நிலை. முந்தின நாள்தான் மச்சினியின் கல்யாணம். நகமெல்லாம் மருதோன்றி, வாயெல்லாம் வெற்றிலை.

"என்னடா, ஒண்ட பொஞ்சாதி எல்லாக் கதவையும் பூட்டிட்டு வந்திரிக்கா!" என்றார் உதட்டு டொக்டர்.

"கண்ணுக்குச் சுறுமாவும் போட்டிரிக்கா சேர்," என்றேன். பயம் வந்தால் எனக்குப் பகிடிதான் வரும்.

வயிற்றைத் திறந்து பத்து நிமிடமிருக்கும். வெட்டிய டொக்டர் நிமிர்ந்தார். "இரத்தம் கறுக்குது."

சிலிண்டரில் ஒட்சிசன் அளவைக் காட்டும் முள் அடியில் கிடந்தது. காலையில் அந்த முள்ளைப் பார்க்க வேண்டியவன் நான். அன்று அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உதட்டு டொக்டர் மெஷினைக் கழற்றி, கையால் அமுக்கி மூச்சூட்டும் பையை மாட்டி, வெறுங்காற்றை அமுக்கத் தொடங்கினார். "புதுச் சிலிண்டர், கெதியா!"

புதுச் சிலிண்டரை உருட்டி வந்து பையோடு குழாயைப் பொருத்தி, அதன் வாயில் சாவியைப் போட்டு முழுப் பலத்தோடு திருப்பினேன். "யா அல்லாஹ், திறக்குதில்லியே!"

"பூட்டுறாய்டா! மத்தப் பக்கம்!"

ஆயிரம் தரம் திறந்த கை அது. மத்தப் பக்கம் எதுவென்று அதற்கு மறந்துபோயிருந்தது. அவரே காலை நீட்டிச் சாவியை உதைத்தார். 'உஸ்' என்று ஒட்சிசன் வந்தது.

வெற்றிலையும் மருதோன்றியும் எட்டாத இடமென்று, அவளுடைய கீழிமையை இழுத்து உட்புறத்தைப் பார்த்தார். காயத்தில் நாவற்பழம் போலிருந்த இரத்தம் மெல்லச் சிவந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்! இனி விடுங்க சேர்," என்றேன்.

"சிவந்தாக் காணுமாடா? உள்ள கிடக்கிற கெட்ட காத்தை ஆர் வெளிய எடுக்கிற?"

விடவில்லை. வயிறு தைத்து முடிந்து, அவள் தானாக மூச்சிழுத்து, "தண்ணி" என்று முனகும்வரை அமுக்கினார். பிறகு பார்த்தால், அவருடைய விரல்கள் பையின் மேலேயே விறைத்துப்போயிருந்தன.

"பிரிச்சி உடுடா."

ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிரித்த பிறகும் அந்தக் கையை நான் விடவில்லை, அவரும் இழுத்துக்கொள்ளவில்லை.