என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை

அன்புள்ள தங்கை நெலிடாவுக்கு அண்ணன் எவரிஸ்டோ எழுதிக்கொண்டது. நான் நலம். உன் முழங்கால் வலியும் உன் வீட்டுக்காரரின் வாயும் சற்றே ஓய்ந்திருக்கும் என்று நம்புகிறேன். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று யோசிக்காதே, பேனா புதிது.

என் மகள் கிரசியேலா உனக்குத் தொலைபேசியில் ஏதாவது சொல்லியிருப்பாள். பாதியை நம்பாதே, மீதியைக் கேட்கவே கேட்காதே. இந்தக் கடற்கரை வீட்டைப் பூட்டிவிட்டு மொண்டெவிடியோவில் அவளுடைய நாலாம் மாடிக்கு நான் குடிபோக வேண்டுமாம். எனக்குக் கண் தெரியவில்லையாம். அடுப்பில் ரொட்டி சிவந்துவிட்டதா என்று கடை வாசலில் நின்றே சொன்ன ரொட்டிக்கடைக்காரனிடம் வந்து சொல்கிறாள்! அப்பாவைத் தனியாக விடு என்று அத்தை முறையில் நீ அவளுக்கு ஒரு வார்த்தை எழுத வேண்டும். அதற்காகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

கார்னிவல் முடிந்து, வெளியூர்க் கூட்டமெல்லாம் மூட்டை கட்டுவதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம். குடையை நட்டு, நாற்காலி விரித்து, மாத்தே கஷாயம் உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிளாஸ்கில் சுடுதண்ணீர் தீர்ந்தது. வாங்கிவரக் கிளம்பிய கிரசியேலா பேத்தி பிலாரைக் காட்டி, "அப்பா, இவளப் பாத்துக்குவீங்களா? நெசமாவே பாப்பீங்களா?" என்றாள்.

"நீ போம்மா. இவ என் கண்ணுக்குள்ளயே இருப்பா."

பிலாருக்கு நாலு வயது, தலையில் சிவப்புத் தொப்பி. அந்தத் தொப்பியைவிட்டு நான் பார்வையை எடுக்கவே இல்லை. தொப்பி நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். தொப்பி சுடச்சுடச் சுர்ரோ பொரித்து விற்கிறவன் முன்னால் நின்றது, வாங்கிக் கொடுத்தேன். பிறகு கையைப் பிடித்துக் குடைக்குப் பத்திரமாகக் கூட்டி வந்தேன். இதைவிடப் பொறுப்பாக யார் பிள்ளை பார்ப்பார்கள்? கிரசியேலா பிளாஸ்கும் கையுமாகத் திரும்பி வந்து அப்படியே நின்றாள்.

"அப்பா, இது யாரு?"

"என்னம்மா கேள்வி இது? பெத்த பொண்ணைத் தெரியலையா ஒனக்கு?"

குழந்தை மென்றுகொண்டே, "நான் ரெனாத்தா" என்றது.

இதில் என் தப்பு என்ன, நீயே சொல். ஊருக்கே ஒரே தொப்பியை விற்ற கடைக்காரனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சரி, வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான், தொலைந்த பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கைதட்ட வேண்டும், பக்கத்தில் இருப்பவர்களும் சேர்ந்து தட்டுவார்கள், பெற்றவர்கள் ஓடி வரும்வரை நிறுத்தக் கூடாது. ரெனாத்தாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு தட்டினேன். பக்கத்துக் குடை தட்டியது, அதற்கடுத்த குடை தட்டியது, பார்த்தால் கடற்கரை முழுக்கத் தட்டுகிறது. "பாத்தியா, நம்ம ஜனங்க மனச!" என்றேன்.

"ஐயோ அப்பா, அவங்க சூரியனுக்குத் தட்றாங்க!"

சூரியன் கடலில் இறங்கும்போது கைதட்டி வழியனுப்புகிற பழக்கமும் இங்கே உண்டே, அது அந்த நிமிஷம் பார்த்தா இறங்க வேண்டும்? அத்தனை பேரும் மேற்கே பார்த்துத் தட்டுகிறார்கள், எங்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு அம்மாள் மட்டும், "பேத்திக்கு நல்லாத் தெரியுதா பெரியவரே?" என்று விசாரித்தார். "பிலார்! பிலார்!" என்று கிரசியேலா கத்தியது அந்தச் சத்தத்தில் எடுபடவில்லை. அப்போது எனக்குப் பயம் வந்துவிட்டது, நெலிடா. தண்ணீரில் தெரிந்த சிவப்பெல்லாம் தொப்பியாகவே தெரிந்தது, சூரியன் வேறு கடல் முழுக்கச் சிவப்பை இறைத்து வைத்திருந்தது.

சூரியன் போய்ச் சேர்ந்தது, கைதட்டலும் நின்றது. ஒரு மூலையில் மட்டும் நிற்கவில்லை. அங்கே ஓடினோம். வாட்டசாட்டமான ஒரு ஆள், தோளில் சிவப்புத் தொப்பி, விடாமல் தட்டிக்கொண்டிருந்தான். என் தோளிலிருந்து ரெனாத்தா "அப்பா!" என்றாள். அவன் தோளிலிருந்து பிலார் "தாத்தா!" என்றாள்.

"எம் பொண்ணத் தேடிட்டு வந்தேன் பெரியவரே, இவதான் கெடச்சா" என்றான் அவன்.

"எனக்கும் அதே கததான் தம்பி" என்றேன்.

கண் நன்றாகத் தெரிகிற வாலிபனுக்கும் அதே கதிதான் என்பதைக் கிரசியேலாவுக்கு எடுத்துச் சொல். உன் எலுமிச்சை மரம் காய்த்துக் குலுங்கட்டும், உன் முழங்கால் படியேறட்டும், உங்கள் எல்லோருக்கும் என் ஆசிகள்.

உன் அண்ணன்
எவரிஸ்டோ

பி.கு.: அத்தை, இது கிரசியேலா. பேனா பழையதுதான், கைதான் வேறு. "வெளக்கு மங்கலா இருக்கு, நீ எழுதும்மா" என்றார் அப்பா. நடுப்பகல், ஜன்னலோரம். என்னைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்து ஒரு வார்த்தை விடாமல் எழுதிவிட்டேன். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த ஆளிடமிருந்து பிலாரை வாங்கியதும் அவள் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். மூக்கு, காது, நெற்றித் தழும்பு. இவள்தான் என்று நிச்சயமான பிறகே அழுதார். எனக்குத் தாங்கவில்லை, அத்தை. கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு நாள் கேட்டிருக்கிறேன், பார்வை திரும்பினால் வீட்டுச் சாவியை நானே அவர் கையில் கொடுப்பேன், அதுவரை நாலாம் மாடிதான். பதிலில் நீங்கள் யார் பக்கம் வேண்டுமானாலும் பேசுங்கள். அவருக்குப் படித்துக் காட்டப்போவது நான்தான்.