கொட்டாவி விட்டால் கம்ப்யூட்டர் ஓடும்

தூங்கித் தூங்கியே ஊருக்கு உழைத்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் கொட்டாவிதான். வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அதன் பக்கத்தில் அவரும் படுப்பார். இரண்டும் சேர்ந்தே எழுந்திருக்கும். சொந்தப் பெயர் என்ன என்று அவரைக் கேட்டவர்கள் உண்டு. பதில் சொல்ல வாயைத் திறப்பார், கொட்டாவி வந்துவிடும். கேட்டவருக்கும் வந்துவிடும். கேள்வி அதோடு போய்விடும்.

காலடிப்பேட்டையில் என் வீட்டுக்கு அவர் முதலில் வந்தது நான் பத்திரிகைக்குக் கட்டுரை கொடுத்தாக வேண்டிய நாளில். கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரையில் ஏதோ ஒரு ஃபைலைக் காணோம் என்று ஒற்றை வரி வந்து நிற்கிறது, அதற்கு மேல் அசையவில்லை. ராயபுரத்திலிருந்து சைக்கிளில் வந்தார். துணிப்பையில் மொத்தம் மூன்று சாமான். ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு பென்டிரைவ், ஊதினால் உப்பும் தலையணை ஒன்று. தலையணையைத்தான் முதலில் எடுத்தார்.

"இன்னா நைனா, பேஜாரு பண்ணுதா?"

"ஆமாங்க. ஆன் ஆகவே மாட்டேங்குது."

"சிஸ்டம் ஃபைலு கெட்டுப் போயி கீது. மெஷினு நல்லாத்தான் கீது. காலைல எய்ந்து இன்னா பண்ணணும்னு அதுக்கு மறந்து பூட்ச்சு, அவ்ளோதான். ஞாபகப்படுத்தினா எய்ந்துக்கும். இங்க ஃபேன் காத்து எந்தப் பக்கம் நல்லா வரும்?"

பென்டிரைவைச் செருகி ஒற்றை விரலால் ஒரு வரி தட்டினார். இனி ஒவ்வொரு ஃபைலாக அதுவே தொட்டுப் பார்த்து, கெட்டதை எடுத்துவிட்டு நல்லதை வைக்கும், நாம் குறுக்கே பேசக்கூடாது என்றார். பிறகு ஒரு கொட்டாவி விட்டார். அந்த மாதிரி ஒரு கொட்டாவியை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. எனக்குத் தொற்றியது. சமையலறையில் என் மனைவிக்குத் தொற்றி, பால் பொங்கி வழிந்தது. ஜன்னலுக்கு வெளியே இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு வண்டிமேல் சாய்ந்துகொண்டார்.

அந்த மத்தியானம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கடல் காற்று திரைச்சீலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. எங்கோ எண்ணூர்ப் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது, முடியவே இல்லை. கம்ப்யூட்டரின் விசிறியும் கொட்டாவியின் மூச்சும் ஒரே தாளத்தில் ஓடின. கட்டுரையின் கவலை மெல்லக் கழன்று எங்கோ போக, நாற்காலியிலேயே நானும் தூங்கிப்போனேன். கண் விழித்தபோது திரையில் வெளிச்சம் இருந்தது, அவர் தலையணையின் காற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு கனா கண்டேன் நைனா. இஸ்கூல்ல பசங்கோ அல்லாம் லைன் கட்டி நிக்குதுங்கோ. மணி அடிக்கிற ஆள மட்டும் காணோம். தேடிப் புட்ச்சாந்து நிறுத்தினேன். மணி அடிச்சுது, அல்லாம் உள்ள பூட்ச்சு."

இதுதான் அவர் ரிப்பேர் ரிப்போர்ட். எல்லா வீட்டிலும் எழுந்ததும் ஒரு கனவு சொல்வார், பழுது என்னவோ அதுதான் அந்தக் கனவில் வரும். ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். படுப்பதற்கு முன்னால் அவர் திரையில் வரும் பட்டியலை அரைக்கண்ணால் ஒரு முறை படித்துவிடுகிறார் என்பதை நான் பிற்பாடு கண்டுபிடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன், நீங்களும் சொல்லாதீர்கள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் கண்டெய்னர்களுக்குக் காகிதம் தயார் செய்கிற ஓர் ஆபீஸ். அங்கே மேனேஜர் கோபக்காரர். வெளியே லாரிகள் நிற்க, உள்ளே மெக்கானிக் மேஜைக்கு அடியில் படுத்திருப்பதைப் பார்த்ததும் அவரைப் பிடித்து உலுக்கினார். கொட்டாவி எழுந்து உட்கார்ந்து, "நீ எய்ப்பினது என்னிய இல்ல சார், அத்த" என்று திரையைக் காட்டினார். மேனேஜரின் கால் பட்டு ப்ளக் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. வேலை மறுபடி முதலிலிருந்து. அதற்குப் பிறகு மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாராம். ஆபீஸ் தூங்கியது, வாசலில் செக்யூரிட்டி தூங்கினார், லாரி டிரைவர்கள் ஸ்டியரிங்மேல் தலை வைத்துத் தூங்கினார்கள். அன்று மத்தியானம் கப்பல்கூடக் கொஞ்சம் கண் அசந்தது என்பார் கொட்டாவி.

இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்த நான், தேசம்மா அக்கா விஷயத்தில் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

தேசம்மா அக்கா எங்கள் பக்கத்து வீடு. சொந்தமாக ஒரு விசைப்படகு உண்டு. கணவர் சேகர் இது நடந்ததற்கு முந்தின வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு படகை ஓட்டுவது அக்காவின் தம்பி. கடலில் எந்த இடத்தில் மீன் கூடும், எந்த இடத்தில் பாறை வலையைக் கிழிக்கும் என்பதெல்லாம் சேகர் ஆயுள் முழுக்கச் சேர்த்தவை. ஜிபிஎஸ் எண்களை அவர் சொல்லச் சொல்ல அக்கா கம்ப்யூட்டரில் ஏற்றுவார். ஒவ்வொரு இடத்துக்கும் அவர் வைத்த பெயர் வேறு இருக்கும். மச்சான் மேடு, வலைதின்னி, சோத்துப்பானை. வேறு யாருக்கும் அது தெரியாது, தெரியவும் கூடாது என்பது அக்காவின் சட்டம்.

அந்த வருஷத்து மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு நாள் இருந்தது. படகில் இருந்த பழைய ஜிபிஎஸ் உப்புத் தண்ணீர் குடித்துப் போயிருந்தது. புதியது வந்தாயிற்று, எண்களை ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அக்காவின் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை.

"இன்னா பண்ணீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"நீ தானே சார் சொன்ன, வேணாததெல்லாம் எடுத்துப் போட்டா வேகமா ஓடும்னு. நானு மீனு ஆயற மாரி ஆஞ்சேன். நான் வெச்சது மட்டும் இர்க்கட்டும், மத்தது இன்னாத்துக்குனு தூக்கிப் போட்டேன். சிலது வரமாட்டேன்னுச்சு, அத்த வுட்டுட்டேன்."

ஆமாம், சொன்னவன் நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். செதிலோடும் குடலோடும் சேர்த்து அக்கா முள்ளையே உருவிப் போட்டிருந்தார்.

கொட்டாவிக்குப் போன் செய்தேன். வந்தார், பார்த்தார். எண்கள் இருக்கிற ஃபைல் மட்டும் போதுமென்றால் அதைத் தன் பென்டிரைவில் எடுத்து வேறு கம்ப்யூட்டரில் திறந்துவிடலாம் என்றார்.

"அது நடக்காது" என்றார் அக்கா. "உன் பென்டிரைவுல ஏறிச்சுனா காசிமேட்டுப் படகு பூரா ஏறின மாரி. இதுலியே தெறக்கணும். நீ தூங்கிக்கினே வேலை பாப்பேன்னு சொன்னாங்கோ. அதான் உன்னிய கூப்பிட வுட்டேன். கண்ண மூடிக்கினே பண்ணு."

அவருடைய தூக்கத்தை ஒரு தகுதியாக மதித்த ஒரே வாடிக்கையாளர் தேசம்மா அக்காதான்.

வழக்கமான வரியைத் தட்டினார். திரையில் சதவீதம்கூட வரவில்லை. கொஞ்ச நேரம் ஆகும் என்று ஒரு வரி, அதன் கீழே ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மின்னியது. கொட்டாவி சுவரோரம் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அக்கா தரையில் உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்தார். வெயில் சாய்ந்து அறைக்குள் மஞ்சளாக வந்து படுத்தது. உப்புக்காற்று, விசிறிச் சத்தம், தூரத்தில் யாரோ படகைத் தட்டிச் சரிசெய்கிற சத்தம். நேரம் நகர்கிறதா என்றே தெரியவில்லை.

கடைசியில் சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்று வந்தது.

"அவரு சொன்னது அவ்ளோவும் இதுலதான் கீது" என்றார் அக்கா. "குரலக்கூட ரெக்கார்டு பண்ணி வெச்சுக்கல சார். இந்த நம்பருங்கோ மட்டுந்தான்." அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

கொட்டாவி எழுந்து என்னைப் பார்த்தார். "நைனா, உன் மெஷினும் இதும் ஒரே செட்டு, ஒரே வயசு. உன்துலருந்து எடுத்து இதுக்கு வெக்கலாமா?"

"எல்லாத்தையும் எடுத்துக்குங்க" என்றேன்.

என் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நாலு தடவை நடந்தார். என் கம்ப்யூட்டரில் இருந்த நல்ல ஃபைல்களைக் கொண்டுபோய் இல்லாத இடத்தில் ஒவ்வொன்றாக வைத்தார். மறுபடி படுத்தார், கண்ணை மூடினார். விளக்கு வைக்கிற நேரத்தில் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர் பாட்டோடு விழித்தது. கொட்டாவி உடனே சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நானும் திரும்பிக்கொண்டேன். பின்னால் அக்கா ஒவ்வொரு பெயராக முணுமுணுத்தார், மச்சான் மேடு, வலைதின்னி, சோத்துப்பானை. எல்லாம் இருந்தது. அப்போதுதான் அழுதார்.

தெருவுக்கு வந்ததும் கேட்டேன். "இன்னைக்கு என்ன கனவு?"

"இன்னைக்குக் கனா இல்ல நைனா."

"ஏன்?"

"தூங்கினாத்தான கனா. அந்தக்கா அப்பிடிக் குந்திகினு கீது, எப்பிடி நைனா தூக்கம் வரும்? சும்மா கண்ண மூடிக்கினு கெடந்தேன்."

மத்தியானம் முழுக்க அவர் ஒரு கொட்டாவிகூட விடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சைக்கிளில் ஏறி, முனை திரும்புவதற்குள் இரண்டு விட்டார்.

இப்போது அவர் மகளோடு புழலில் இருக்கிறார். கொட்டாவி புழலுக்குப் போய்விட்டார் என்று சொன்னால் இங்கே எல்லோரும் புழல் ஜெயிலை நினைத்து "எந்தக் கேஸு?" என்றுதான் கேட்கிறார்கள். மகள் வீடு என்று விளக்க வேண்டியிருக்கிறது. கூப்பிட்டால் இன்னும் வருவார், ஆனால் பழுது இருந்தால்தான் வருவார்.

என் கம்ப்யூட்டர் ரொம்ப நாளாக ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடுகிறது. கடல் காற்று அடிக்கிற மத்தியானங்களில் அதன் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, ஒரே ஒரு ஃபைலை அழித்துவிடலாமா என்று கை துறுதுறுக்கிறது.