வியாழக்கிழமைதான் மணி அடிக்கலாம்

வாசிகசாலையில் டெலிபோன் அடிக்கிறது. எடுத்துவிடாதீர்கள்! குணரத்தினம் இன்னும் அதைச் சோதிக்கவில்லை.

வாசகர்களே, சோதனைத் திட்டக்காரர் என்றோர் இனம் உண்டு. சோதிப்பவர் அல்லர்; சோதிக்கத் திட்டம் போடுபவர். அந்தத் திட்டம் சரியா என்று பார்க்க இன்னொரு திட்டம் போட்டு, அதற்கு அட்டவணை கீறி, அட்டவணைக்கு அட்டை போட்டு, அட்டையில் தம் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, அதைக் கண்கலங்கப் பார்த்துக்கொண்டிருப்பார். டெலிபோன்? அது பாவம், பெட்டிமேல் காத்துக்கிடக்கும்.

2003இல் இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டமொன்றின் வாசிகசாலைக்குக் கம்பியில்லா டெலிபோன் வந்தது. அது விதிப்படி வேலை செய்கிறதா என்று பார்க்கப் பின்னாலேயே குணரத்தினமும் வந்தார். பதினொரு நாளாக வருகிறார்.

"எடுக்கப்படாது! மணிச் சோதனை வியாழக்கிழமை. இண்டைக்குச் செவ்வாய். ஆகவே இது மணியே இல்லை."

கொழுந்துக் கூடையோடு வாசலில் நின்ற வேலாயி கும்பிட்டாள். "ஐயா, அது எம் மக சண்முகவடிவுங்க. குவைத்துல இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடவா, வீட்டுக்கு வரவான்னு கேக்கத்தான் அடிக்கிறா. இன்னைக்குத்தான் கடைசி நாளுங்க."

"ரெண்டு நாள் பொறுக்கச் சொல்லுங்கோ."

"எதுல சொல்றதுங்க?"

இந்தக் கேள்விக்குத் திட்டத்தில் இடமில்லை.

மணி நின்றது. வாசிகசாலைத் தலைவர் முத்துலிங்கம் மெல்லக் குனிந்தார். "ஐயா, ஒங்க படிவத்துல 'சோதனைப் பேச்சாளர்'னு ஒரு கட்டம் காலியா கெடக்குங்களே. வேலாயின்னு எழுதிருவோமா?"

காலிக் கட்டம் நிரம்புமென்றால் இந்த இனம் எதைத்தான் தராது? வியாழனைச் செவ்வாயாகத் திருத்தி, கையொப்பமிட்டு, முத்திரை குத்தி முடிப்பதற்கும் மறுபடி மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

"ஒண்டிலயிருந்து பத்து மட்டும் சொல்லுங்கோ. வேறொண்டும் கதைக்கப்படாது."

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." வேலாயி ரிசீவரை வாயோடு ஒட்டிக்கொண்டாள். "வந்துரு தாயி! நாலு, அஞ்சு..."

"வர்றேம்மா!" என்ற அலறல் வாசல்வரை கேட்டது. அங்கே அழுகை, இங்கே அழுகை. முத்துலிங்கமும் சால்வையால் கண்ணைத் துடைத்தார். குணரத்தினம் எழுதினார்: 'மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் இடையூறு ஒலி. கருவி தேறவில்லை. மறுசோதனைக்குத் திட்டம் தேவை.'

சிரிக்கிறீர்களா? புதுக் குடையை நல்ல மழைக்கென்று அலுமாரியில் பூட்டிவிட்டு, நேற்று நனைந்து வந்தது யார்?

புதுத் திட்டம் போடும் பூரிப்போடு குணரத்தினம் பஸ்ஸுக்குப் புறப்பட்டார். முத்துலிங்கம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். தாழ்ப்பாள் சரியாக விழுந்தது. சோதிக்காமலே.