கடலோர லாட்ஜில் எனக்குக் காவல்

இல்லை அக்கா, உன்மேல் கோபித்துக்கொண்டு வரவில்லை. தனியாக இருக்கத்தான் வந்தேன். "அம்மாவும் போயாச்சு, அந்த வீட்டுல ஒத்தையா இருந்து என்னடி பண்ணப் போறே? எங்களோட வந்துடு" என்றாயே, அதற்குப் பதில் யோசிக்க.

முறைப்படி ஆரம்பிக்கவில்லை என்று அத்தான் சிரிப்பார். அன்புள்ள அக்காவுக்கு, தங்கை பணிவுடன் எழுதுவது. நான் நலம். அளவுக்கு மீறி நலம். இந்த லாட்ஜில் என்னை நலமாக வைத்திருப்பதைத் தவிர யாருக்கும் வேறு வேலை இல்லை.

ஊரிலேயே மலிவான லாட்ஜ். பெயர்ப்பலகையில் கடல் இருக்கிறது, அறையில் இல்லை. வந்த அன்று லாட்ஜ்கார அம்மா கேட்டார், "எத்தனை நாளும்மா?" தெரியாது என்றேன். "வீட்டுல யாரு இருக்காங்க?" யாரும் இல்லை என்றேன். வீம்பு. பிறகு நேரே போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்தேன், இருட்டும்வரை. யோசிக்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது.

மறுநாளே மொட்டைமாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு. காலாற நடக்கலாம் என்று கிளம்பினால் பின்னாலேயே லாட்ஜ் சமையல்காரர், தொப்பை குலுங்க, கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல், நான் நின்றால் நிற்கிறார், திரும்பினால் வானத்தைப் பார்க்கிறார், அலை என் காலைத் தொட்டதும் "சளி பிடிச்சுக்கும் பாப்பா, வா, வா"ன்னு ஒரே கத்தல், கடற்கரையே திரும்பிப் பாக்குது, நான் எந்த மணலுக்குள்ள போய் ஒளியறது?

இன்று காலை பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். லாட்ஜ்கார அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பரீட்சையா, பையனா? எதுவா இருந்தாலும் கடல்ல போய் விழற அளவுக்கு ஒண்ணுமில்ல கண்ணு."

"ஐயோ, நான் சும்மா உக்காந்து யோசிக்க வந்தேங்க! எனக்கு அக்கா இருக்கா!"

"இருக்காளா? அப்புறம் ஏன் யாருமில்லேன்னே? அவ காதுல விழுந்தா மனசு என்ன பாடுபடும்?"

வாசலில் நின்ற சமையல்காரருக்கு வேறு வருத்தம். "உன் பின்னாடி ஓடி ஓடி அடுப்புல வச்சதெல்லாம் கருகிப்போச்சு. அக்கான்னு முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம்.

சரி, என் பதில். நான் வரமாட்டேன். எனக்குச் சமைக்கத் தெரியும், கதவைப் பூட்டத் தெரியும். தனியாக இருந்துகொள்வேன். வற்புறுத்தாதே. அத்தானுக்கு என் மரியாதை. குட்டிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். நீங்கள் எல்லோரும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கை

பின்குறிப்பு: இதை மதியம் சேர்க்கிறேன். மேலே இருக்கும் பதிலை அடித்துவிடு. இவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். கடலுக்குக் கிளம்பினேன். வந்த அன்றைக்குப் பிறகு முதன்முறையாகத் தனியாக. பின்னால் ஒரு காலடிச் சத்தம்கூட இல்லை. பாதி வழியில் திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வா. ஓர் இரவு இங்கே என்னோடு இரு. மறுநாள் உன்னோடு வந்துவிடுகிறேன்.

கீழே போய் உனக்கு ஒரு தலையணை கேட்டு வாங்கி வந்தேன்.